கழுத்தைத் திருப்பியவருக்குப் பணியாரம்

போன விண்டரில் வாசலில் ஸ்னோ தள்ளப் போய் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. நாங்கள் இருக்கும் டொலார்ட் என்ற ஊரில், வீட்டுக்குக் கிட்ட ஒரு கைரோபிராக்டர் இருந்தார். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்கிறவர். மகள் வேலைக்குப் போகும் வழியில் என்னை அங்கே இறக்கிவிடுவாள். கூட வாறன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். முப்பது வருடம் இந்த ஊர்த் தையல் தொழிற்சாலைகளில் வேலை செய்தவளுக்குத் துணை எதற்கு?

முதல் மூன்று தரம் போனபோது முதுகை மட்டும் அமத்தினார். நாலாம் தரம் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். நான் "நோன்" என்றேன், வேண்டாம் என்று பிரெஞ்சில். இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கும் அந்தச் சொல் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே திருப்பினார். கழுத்துக்குள் ஏதோ முறிந்த சத்தம். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போது வலது கைப் பெருவிரலும் பக்கத்து விரலும் விறைத்திருந்தன.

மகளிடம் சொல்லவில்லை. அடுத்த கிழமை பயற்றம் பணியாரம் சுட்டேன். விறைத்த விரலால் பிடித்ததில் ஒன்றும் ஒரே அளவாக வரவில்லை. ஒரு பெட்டியில் போட்டு அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்து, கையைக் காட்டினேன். சரியாகிவிடும் என்று தோளில் தட்டினார்.

கையிலிருந்து பாத்திரங்கள் நழுவத் தொடங்கிய பிறகுதான் மகள் கண்டுபிடித்தாள். நரம்பு நசிந்துவிட்டது, முழுதாகத் திரும்பாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இந்த மாகாணத்தில் கைரோபிராக்டர்களுக்கென்று சட்டப்படி ஒரு சபை உண்டு. அவர்கள் பிழை விட்டால் விசாரிக்க அங்கே ஆள் இருக்கிறது. மகள் அங்கே முறைப்பாடு எழுதினாள். நான் வேண்டாம் என்று சொன்னதை யாராவது எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது போதும்.

விசாரிக்க வந்தவர் ஒரு பெண். மரியாதையாகத்தான் கதைத்தார். மகள் பிரெஞ்சில் கேட்டு எனக்குச் சொன்னாள். என் சம்மதத்தோடுதான் செய்ததாகக் கைரோபிராக்டர் பதிந்து வைத்திருந்தாராம். அன்றைக்கு அந்த அறையில் அவரையும் என்னையும் தவிர ஒருவரும் இல்லை. பிறகு அந்தப் பெண் ஒரு தாளைப் புரட்டி ஏதோ கேட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அவருக்குப் பணியாரம் குடுத்தனீங்களோ?"

"ஓம்."

"நல்ல திருப்தி, இனிப்பும் கொண்டுவந்து தந்தா எண்டு எழுதி வச்சிருக்கிறார். கை விறைச்ச பிறகு ஏன் குடுத்தனீங்கள் எண்டு கேக்கினம்."

வைத்தியரிடம் வெறுங்கையோடு போவது எங்களுக்குப் பழக்கமில்லை என்றேன். மகள் சொல்ல, அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டு எழுதினார். அது பாதி உண்மைதான்.

பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஒழுக்காற்று மன்றத்துக்குக் கொண்டுபோக ஆதாரம் போதாதாம். விருப்பமென்றால் ஒரு மாதத்துக்குள் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாமாம். மகள் கொம்பியூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, பணியாரத்துக்கு வேறு மறுமொழி உண்டோ என்று கேட்டாள்.

"பயத்தில குடுத்தனான் எண்டு எழுது. கோவிச்சால் கையைப் பாக்கமாட்டார் எண்டு பயம்."

"நீங்களோ? பயந்தனீங்களோ?"

அவள் நம்பவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்றும் பயம் என்ற சொல்லை அவள் காதுபட நான் சொன்னதில்லை. இவ்வளவு காலம் நான் காட்டாததை, முகம் தெரியாத ஆட்கள் வாசித்து நம்பவேண்டும்.

எழுதி முடித்துக் கடதாசியை நீட்டினாள். வலது கையில் இப்போது பேனை நிற்பதில்லை. இடது கையால் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்துப் போலவே இல்லை. இதற்கும் கேள்வி கேட்பார்களோ என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.