‘கொற் இற்!’ என்றார் லின்

கண்ணாடியிலிருந்து ஒரு கையை எடுத்தேன். அடுத்த நொடி அது கீழே சறுக்கத் தொடங்கியது. கீழ்ப்படியில் நின்றவர் லின்.

டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். பல்கனிக் கதவுக்கு ஆள் உயரத்துக்கும் மேலான கண்ணாடி. எலிவேற்றருக்குள் கொள்ளாததால் படியால் தூக்கினோம். நான் மேலே, பின்பக்கமாக ஏறியபடி, லின் கீழே. அவர் சீனாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எங்கள் கண்ணாடிக் கடையில் சேர்ந்து மூன்று மாதம். எல்லாரும் என்னை ‘அண்ணை’ என்பதால் அதுதான் என் பெயர் என்று நினைத்திருந்தார், நானும் திருத்தவில்லை.

அவர் சொல் எழுதிப் படிக்கும் கொப்பியில் ‘கெற்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு நாலு பக்கம். வாங்குவதும் கெற், விளங்குவதும் கெற், பஸ்ஸில் ஏறுவதும் இறங்குவதும் கெற். எல்லாம் நடந்து முடிந்தால் கொற். ஒருநாள் அவர் பொருத்திய கதவைப் பார்த்த முதலாளி, நம்பவே முடியவில்லை என்ற வியப்பில், “கெற் அவுற் ஒஃப் ஹியர்!” என்றார். வெளியே போகச் சொல்கிறார் என்று லின் சாப்பாட்டுப் பையோடு வாசலுக்குப் போய்விட்டார். வயிறு நோகச் சிரித்தோம்.

அன்று படியில் சிரிப்பில்லை. படிக்கட்டின் கதவைத் தாண்டியதும் எந்தப் பக்கம் சரிக்க வேண்டும் என்று சொன்னேன். கதவைத் திறக்க எனக்கு ஒரு கை வேண்டும். “கொற் இற்?” என்றேன், பாரம் உங்கள் கையிலா என்ற அர்த்தத்தில்.

“கொற் இற்!” என்றார், சொன்னது விளங்கிவிட்டது என்ற அர்த்தத்தில்.

நான் கை எடுத்ததும் கண்ணாடி சறுக்கி அவர் நெஞ்சில் போய் நின்றது. “அசையாதேங்கோ, லின்!” தமிழில்தான் கத்தினேன். அவர் அசையாமல் விளிம்பை ஏந்தினார். என் பிடி நழுவினால் அந்த விளிம்பு எங்கே இறங்கும் என்று இருவருக்கும் தெரியும். அங்குலம் அங்குலமாக இழுத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிலேயே குந்திவிட்டோம்.

அவருடைய கையுறை கிழிந்திருந்தது. கை தப்பிவிட்டது.

“அண்ணை, ‘கொற் இற்’ என்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“பிடிச்சிட்டன்.”

“அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தானே?”

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பஸ் பிடிக்கிறோம். சளி பிடிக்கிறது. ஆளை ஆளுக்குப் பிடிக்கிறது.

“ஓம், ஓம்,” என்றேன்.

அன்றிலிருந்து அவர் “பிடிச்சிட்டன், அண்ணை!” என்று கத்தாமல் நான் கை எடுத்ததில்லை. கத்திய பிறகும், பாரம் அவர் பக்கம் போனதை என் விரல்கள் உணரும்வரை விட்டதில்லை. தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, கையை எடுக்க ஒரு சொல் மட்டும் போதாது.

நான் ஓய்வு பெற்ற அன்று, மனைவி சுட்ட வடையைத் தின்றுகொண்டு நின்றவரிடம் பழக்கதோஷத்தில் தமிழில் கேட்டுவிட்டேன்: “பிடிச்சிருக்கோ, லின்?”

அவர் தட்டைக் கீழே வைத்தார். காலை அகட்டி, இரண்டு கைகளையும் நீட்டி, பாரத்துக்குத் தயாராக நின்றார்.