வாசலில் ஒரு மரச்சரிவு

முதலில் இடுப்பைச் சுற்றி ஓர் இறுக்கம். ஈரத்துண்டை முறுக்கிக் கட்டியதுபோல் இருந்தது. வாயு என்று நினைத்து வெந்நீர் குடித்தேன். மறுநாள் காலையில் சிறுநீர் வரவில்லை. மாலைக்குள் என்னால் நிற்க முடியவில்லை.

டிரான்ஸ்வர்ஸ் மயலைட்டிஸ் (தண்டுவடத்தின் ஒரு பகுதி வீங்கி, அதற்குக் கீழே உணர்வும் அசைவும் குறையும் நோய்) என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) ஏற்றினார்கள். இடுப்பின் இறுக்கம் விட்டது, கால்கள் மட்டும் அசையவில்லை.

"நடப்பேனா டாக்டர்?"

"சிலர் நடக்காங்க. பொறுத்துப் பாப்போம்."



இதே நோயோடு வீடு திரும்பப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வாசலை அளந்துவரச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை. மழைக்குத் தெருவில் தண்ணீர் ஏறும் என்பதால் எங்கள் வீட்டை உயர்த்திக் கட்டியிருந்தோம். சக்கர நாற்காலியோடு என்னை நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். பிறகு ஒவ்வொரு முறையும் அந்த நால்வரையும் கூப்பிட வேண்டியிருந்தது. பரிசோதனைக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கோயிலுக்குப் போவதையும் விட்டேன். யார் தயவும் இல்லாமல் தெருவுக்குப் போய்வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வாசலில் மரச்சரிவு போட, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கு. எங்கள் வாசல் இரண்டடி உயரம். சுவரோரமாகக் கிடைத்த இடமோ பதினான்கடி. "தனியா ஏற முடியாது சார், பின்னால ஆள் வேணும்" என்றார். கை பழகினால் ஏறிவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மரவேலைக்கு சூசை மச்சான் வந்தார். என் மனைவி செலினின் பெரியப்பா மகன். தோணி கட்டும் ஓடாவி. தாங்குகட்டை, பலகை, சக்கரம் விலகாமலிருக்க இருபுறமும் விளிம்பு என்று எல்லாவற்றையும் சரியாகவே செய்தார். ஆனால், சுமைக்காரர்கள் தோணிக்கு ஏறும் பலகையில் கால் பிடிப்புக்காகக் குறுக்கே ரீப்பர் சட்டம் அடிப்பார்கள். அந்தக் கைப்பழக்கத்தில் இதிலும் வரிசையாக அடித்துவிட்டார்.

அவரே என்னைக் கீழே இறக்கினார். முதல் ரீப்பரில் சக்கரம் இடித்து இறங்கியதும் என் கால்கள் இரண்டும் வெட்டி இழுத்து விறைத்தன. ஸ்பாஸம் (தசைகள் நம்மைக் கேளாமல் இறுகுவது).

"அண்ணே, நிறுத்துங்க! தோணிக்கு மூட்டையா ஏத்துதிய?" என்று செலின் கத்தினாள்.

"மூட்டைன்னா இப்படி உதறாதுளா. ரீப்பர் இல்லன்னா மழையில வழுக்கும்லா? நீயும் மாப்ளையும் சேந்து தெருவுல கெடப்பிய."

"சக்கரம் ஓடுத எடத்துல மட்டும் எடுத்துருங்க. நடுவுல என் காலுக்கு இருக்கட்டும்."

"பாக்க மீன்முள்ளு மாதிரில்லா இருக்கும்!"

"இருந்துட்டுப் போவுது."

முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார்.

அடுத்த வாரம், செலின் மீன் வாங்கப் போயிருந்தபோது தனியாக இறங்கினேன். சக்கர வளையத்தைப் பிடித்துப் பிடித்து விட்டதில் உள்ளங்கை எரிந்தது. தெருவில் நின்றபோது சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு திரும்பி ஏறப் பார்த்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. முன்சக்கரங்கள் பலகையை விட்டு எழும்பின. பயந்து கீழே வந்துவிட்டேன். இன்னொரு முறையும் அப்படியே.

"தள்ளட்டுமா அண்ணாச்சி?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"வேண்டாம், சும்மா காத்து வாங்குதேன்."

செலின் வரும்வரை காற்று வாங்கினேன்.

"யாரு எறக்குனா?"

"நான்தான்."

"ஏறுதது?"

மீன் பையை என் மடியில் வைத்தாள். "முன்னால குனிங்க" என்று தள்ளத் தொடங்கினாள். பையின் ஐஸ் தண்ணீர் வேட்டியில் ஊறுவதைப் பார்த்தேன், குளிர் தெரியவில்லை. பின்னால் அவள் பாதம் ஒவ்வொரு ரீப்பராக ஊன்றியது. பாதியில் மூச்சு வாங்க நின்றாள், நானும் நின்றேன்.

இப்போதெல்லாம் என் நாள் அந்த வேகத்தில்தான் நகர்கிறது. என் கால்கள் எனக்குப் பின்னால் இருக்கின்றன, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு. அவற்றுக்கு நாற்பத்தெட்டு வயது, இடது முழங்காலில் வலி.