வேலு பார்த்த கரி

வேலுவும் நானும் அச்சு அசலாக ஒரே முகம் கொண்ட இரட்டையர்கள். மாமல்லபுரத்து வீட்டின் பின்புறம் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவன் முகத்தைக் கண்ணாடியாக வைத்து மற்றவன் சவரம் செய்துகொள்வோம். ஐம்பதைத் தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலு ரேசரை நிறுத்தினான்.

“டேய், மூஞ்சி நடுவுல இன்னாடா கரி? தொடச்சிக்க.”

துண்டால் துடைத்தேன்.

“இன்னும் கீதுடா.”

அழுத்தித் துடைத்தேன். அவன் என் தோளுக்கு மேலே சவுக்கு மரத்தைப் பார்த்தான்.

“அங்கயும் கீது” என்றான், மெதுவாக.

வேலுவின் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது என்றார் செங்கல்பட்டு கண் டாக்டர்.

“நாங்க ரெட்டைப் புள்ளைங்க. எனக்கும் வருமா டாக்டர்?”

“ரெண்டு பேருக்கும் ஜீன் ஒண்ணுதான். ஆனா புகை, சாப்பாடு, வயசு எல்லாம் அதுல சில சுவிட்சைப் போடலாம், சிலதை அணைக்கலாம்னு இப்போ ஆராய்ச்சி பண்றாங்க. அவர் பீடி குடிக்கிறார், நீங்க குடிக்கல. அதுக்காக வராதுன்னு சொல்ல முடியாது.”

இப்போது நான்தான் வேலுவுக்குச் சவரம் செய்துவிடுகிறேன். முடிந்ததும் ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, அவன் முகத்தைப் பார்ப்பேன். அவனுக்கு என் முகமே தெரியாது. நானும் மூச்சுக்கூட விடமாட்டேன்.

ஆனாலும் கேட்பான்: “இன்னாடா, கரி வந்துட்ச்சா?”