அடைபட்ட துளை

தன் பழியைத் தானே சுமக்கும் வாய்மை அறங்களுள் அரியது. பிறர் அறியாத குற்றம் பிறன் தலைமேல் விழுகையில், எழுந்து நின்று அதைத் தனதென்று ஏற்பது அதனினும் அரியது. தொங்யோங் துறைக்கு அப்பாலுள்ள சிறு தீவொன்றில் அவ்வறம் தங்கிய இல்லம் மா சுன்தொக் என்பவளுடையது.

சுன்தொக்கும் அவள் கணவர் கில்முன்னும் இருபத்தாறு ஆண்டுகள் ஒரே படகில் கடலுக்குச் சென்றவர்கள். அவர் சுக்கான் பிடிப்பார். அவள் வலை இழுப்பாள். என்ஜினுக்கு மேலே, படகைக் காக்கும் தெய்வமான படகுத் தாய்க்கென்று, வெள்ளை நூல் சுற்றிய கருவாடு ஒன்று தொங்கும். ஆண்டின் முதல் முழுநிலவன்று அதைப் புதிதாகக் கட்டுவதும், நாள்தோறும் அதன்முன் தலை தாழ்த்துவதும் அவள் பணி.

அந்த இருபத்தாறாம் ஆண்டின் இளவேனிலில், கடல்நீரை இழுத்து என்ஜினைக் குளிர்விக்கும் பம்பு ஒழுகத் தொடங்கியது. அதன் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் சீல் தேய்ந்திருந்தது. பம்புக்கும் என்ஜினுக்கும் இடையே சுண்டுவிரலும் நுழையாத துளையொன்று உண்டு. சீல் கசிந்தால் நீர் அதன் வழியே வெளியே சொட்டிவிடும்.

மெக்கானிக் தேக்யு குனிந்து பார்த்தான்.

"சீல் போச்சுண்ணே. புதுசு வெள்ளிக்கிழமை கப்பல்லதான் வரும். அதுவரைக்கும் சொட்டுனா சொட்டட்டும், பயமில்ல. கிட்டக்கவே போயிட்டு வாங்க."

"சொட்டுறதுல எனக்கென்னப்பா? உங்க அண்ணி மூஞ்சியப் பாரு. சாமி மேல தண்ணி தெறிக்குதாம். மூணு நாளா எனக்கு ஒழுங்கா சோறு விழல" என்றார் கில்முன்.

"சிரிங்க, சிரிங்க. படகுத் தாயி நனைஞ்சு நிக்கிறா, உங்களுக்குச் சோத்து நெனப்பு!" என்றாள் அவள்.

துளையிலிருந்து சொட்டிய நீரை என்ஜினின் ஓடும் பெல்ட் வாரியடிக்க, உப்புத்துளிகள் கருவாட்டை நனைப்பதை அவளால் பொறுக்க இயலவில்லை. புதன்கிழமை மாலை, ஒருவருக்கும் சொல்லாமல், மரக்குச்சி ஒன்றைச் சீவித் துளையில் அடித்து இறுக்கினாள். நூலைத் துடைத்து வணங்கிவிட்டு வீடு திரும்பினாள்.

மறுநாள் விடியலில் கில்முன் என்ஜினை முடுக்கிப் பார்த்து வியந்து, மகள் பெயரைச் சொல்லி மனைவியை அழைத்தார்.

"தல்ரே அம்மா! நின்னுடுச்சு பாத்தியா? உன் சாமி கண்ணத் தொறந்துட்டா. இன்னிக்கு வெளித்தீவு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

அன்று மாமனாரின் திதி. படையலுக்குச் சமைக்க அவள் கரையில் தங்கவேண்டியிருந்தது. குச்சியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்து மகிழ்ச்சியைக் கண்டு புன்னகையோடு நிறுத்திக்கொண்டாள்.

வெளியேற வழியற்ற கடல்நீர் தண்டின் ஓரமாக, உள்ளே எண்ணெயைக் காத்துநின்ற மற்றொரு பழைய ரப்பர் சீலையும் கடந்து, என்ஜினுக்குள் புகுந்தது. நண்பகலில் என்ஜின் இறுகி நின்றது. நீரோட்டம் படகைப் பாறையில் கொண்டு மோதிற்று. கரையில் படையற்சோறு ஆறிக் கிடந்தது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், கட்டியிழுத்து வந்த படகின்முன் ஊரார் கூடினர். கில்முன்னின் தம்பி கில்சூ மெக்கானிக்கின் சட்டையைப் பற்றினான்.

"சொட்டட்டும்னு சொன்னவன் நீதானடா? அது வாயா, வேறெதாவதா? தொறந்து காட்டு. ஊரே பாக்கட்டும்."

தேக்யு பம்பைக் கழற்றினான். எண்ணெய் அரிசிக் கள்ளைப்போல வெளுத்து வழிந்தது. துளையைத் தடவிய விரல் சட்டென்று நின்றது. குச்சியை மெல்லப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டான். கூந்தலில் துக்கத்தின் வெள்ளை நாடாவோடு நின்ற சுன்தொக்கை ஒருமுறை பார்த்தான், பிறகு தலைகுனிந்தான்.

"என் தப்புதான். அண்ணனைக் கடலுக்கே விட்டிருக்கக் கூடாது."

"தம்பி, கையை விரி" என்றாள் சுன்தொக்.

"வேணாம் அண்ணி. நீங்க வீட்டுக்குப் போங்க."

"விரிடா."

கை விரிந்தது.

"கொழுந்தனாரே, நல்லாப் பாருங்க. இதைச் சீவினது நான். அடிச்சதும் நான். சாமி நனையுதேன்னு அடிச்சேன். சாமி செஞ்சதுன்னு உங்க அண்ணன் சிரிச்சாரு. நானும் பேசாம சிரிச்சுக்கிட்டு நின்னேன். இவனை விடுங்க."

கில்சூவின் பிடி தளர்ந்தது. அவன் கயிற்றுக் குவியலின்மேல் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"புது சீல் வந்துச்சா?" என்று அவள் கேட்டாள்.

"வந்துச்சு அண்ணி. அண்ணன் போன மறுநாளே."

"மாட்டு."

"என்ஜினே போயிடுச்சே, அண்ணி..."

"அவர்கிட்ட ஒத்துக்கிட்ட வேலை. மாட்டு."

தேக்யு பம்பிலிருந்து தேய்ந்த ரப்பர் சீலை நெம்பி எடுத்தான். அவள் தண்டை உப்புப் போகத் துடைத்துக் கொடுத்தாள். புதியதன் விளிம்பை நீர்ப்பக்கம் நோக்க வைத்து, சோப்புநீர் தடவி, கோணாதபடி சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினான். கடைசியில் துளையில் வாய்வைத்து ஊதினான். காற்று தடையின்றி மறுபுறம் சென்றது. அதுவரை அழாதிருந்த அவள் அப்போது அழுதாள்.

அந்தப் படகு மீண்டும் கடல் காணவில்லை. ஆயினும் முதல் முழுநிலவுதோறும், கருவாடு கட்ட வரும் பெண்களோடு அவளும் படகு படகாக ஏறி இறங்குகிறாள். "சாமி நனைஞ்சா தொடைச்சுக்கலாம். அந்தத் துளைய மட்டும் தொடாதீங்கடி" என்கிறாள்.

அவள் இல்லத்தில் விளக்கு நின்று எரிக. பூசானில் வாழும் மகள் தல்ரேயின் குடி தழைத்து ஓங்குக. அவ்வீட்டு வாயிலில் கடல் இனி எதையும் கேளாதிருக்க, படகுத் தாய் காத்து நிற்க.