சாக்குக் கழிவும் புளியங்கொட்டையும்

இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள்: "உடம்பு குறைக்க ஒரு எடத்துல பணம் கட்டிச் சேர்ந்திருக்கேன். சிலபேரு, திங்கிறத போன்லயே சும்மா கணக்குப் பாத்துக்கிடலாம்ங்கிறாக. எதும்மா நல்லது?"

எனக்கு எழுபதுகள் ஞாபகம் வந்துவிட்டது.

கல்யாணமாகி அருப்புக்கோட்டை வந்த புதிதில் நான் நல்ல குண்டு. மெட்ராஸிலிருந்து தபாலில் ஒரு பவுடர் வரவழைத்துக் குடித்தேன். குடிக்குமுன் ஆஸ்பத்திரியில் எடை பார்த்திருந்தேன். ஒரு வாரம் கழித்து எங்கள் மிளகாய் வத்தல் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினேன். குறைந்திருந்தது! வீடெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

நாத்தனார் செல்விக்குச் சந்தேகம். கடையில் விசாரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மதினி, எடை போடுறவுக பழக்கதோஷத்துல மூட்டைக்குக் கழிக்கிற மாதிரியே சாக்கு எடையக் கழிச்சுச் சொல்லிட்டாக!"

அழுதேவிட்டேன். அவள் ஒரு காலி டப்பாவை என் முன்னால் வைத்தாள்.

"வாயில எது போட்டாலும் இதுல ஒரு புளியங்கொட்டை போடுங்க. எண்ணெய்ப் பலகாரம்னா ரெண்டு."

முதல் நாள் சாயங்காலமே டப்பா நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு கை தானாக அடங்கியது. தீபாவளிக்குள் ரவிக்கையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

செல்வி, இன்றைக்கும் மூட்டு வலியில்லாமல் பஸ் ஏறுகிறேன் என்றால் உன்னால்தான்.

மிச்சப் பவுடரா? ஆட்டுக்குக் கலந்து வைத்தோம். நன்றாகக் கொழுத்தது.