பேசிக்கொண்டே தூக்குகிறவர்

"ஏறுங்க, ஏறுங்க! படியில நிக்காதீங்க, உள்ள போங்க!" என்று அதட்டிக்கொண்டே மாடிப்படி ஏறுகிறார் கண்டக்டரம்மா. பின்னால் பயணி ஒருவரும் இல்லை. இரண்டு கைகளிலும் தண்ணீர் நிரப்பிய கேன்கள்தான். எதிர்வீட்டுக்காரனான என் காலைத் தூக்கம் போனது போனதுதான்.

பேருந்து வேலையிலிருந்து ஓய்வுபெற்று, அறுபத்தேழு வயதில் அவர் எடை தூக்கக் கிளம்பியது கணவருக்காக. பக்கவாதம் வந்து கணவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது ஒருமுறை இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். "இன்னொரு தடவை விழுந்தா அப்பாவை முதியோர் இல்லத்துல சேத்துடுவேம்மா" என்று மகன் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கேனும் கையுமாக உட்கார்ந்து எழுகிறார். படி ஏறி இறங்குகிறார். முதலில் பாதிப் படியிலேயே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். இப்போது மாடி வரை வாய் ஓய்வதில்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், கனம் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் கண் இருண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். "உங்க வயசுல அது ஆபத்தும்மா. பேசிக்கிட்டே தூக்குங்க, மூச்சு தானா வெளிய வரும்" என்றார் அவருக்கு எடை தூக்கப் பயிற்சி கொடுக்கும் பெண். பேசுவதற்கு இவருக்குச் சொல்லியா தரவேண்டும்!

அம்மாவால் முடிகிறதா என்று நேரில் பார்க்க நேற்று மகன் வந்தார். "நீங்க நாற்காலிய மட்டும் புடிங்க. அவரைத் தொட்டீங்க, தொலைச்சுடுவேன்" என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார் கண்டக்டரம்மா. கணவரின் இடக்கையைத் தன் தோளுக்கு மேல் போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கி, "ஏறுங்க, ஏறுங்க…" என்று தூக்கினார். கணவர் பாதி எழுந்ததும் கண்டக்டரம்மாவின் பேச்சு நின்றது.

முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கால் நடுங்கியது. மகன் கையை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். "மூச்சை விடுங்கம்மா" என்று கத்த வாயெடுத்தேன்.

தோளில் கிடந்த இடக்கை அசைந்தது. பேருந்தின் தகரத்தைத் தட்டுவதுபோல் மனைவியின் முதுகில் இரண்டு தட்டு தட்டியது.

"ரைட்… போலாம், போலாம்!" கண்டக்டரம்மாவின் மூச்சும் குரலும் சேர்ந்தே வெளியே வந்தன. என் பிடியில் நாற்காலி கனத்தது.

மகன் நீட்டிய கையை மடக்கினார். பிறகு குனிந்து, அப்பாவின் பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியின் மிதிப்பலகையில் வைத்தார்.