தம்பி ஓட்டிய வண்டி

பார்சல் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் அவர்தான் தலைமை மெக்கானிக். கம்பெனி வண்டி எதுவானாலும் அவர் கைபட்டுத்தான் ரோட்டுக்குப் போகும். டிரைவர்களுக்கு அவர் மேஸ்திரி. அவருடைய தம்பியும் அங்கேதான் டிரைவர். ஆள் உயரம் என்பதால் எல்லோருக்கும் நெட்டை.

ஒருநாள் காலை டெலிவரிக்குப் போன நெட்டைக்கு ஸ்டியரிங் பிடித்தபடியே மாரடைப்பு. வண்டி உருண்டுபோய் ஒரு மதிலில் முட்டி நின்றது. வேறு யாருக்கும் அடியில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடியும்வரை மேஸ்திரி அழவில்லை. தம்பி மனைவி மயங்கி விழுந்தபோது தண்ணீர் தெளித்தார், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று சொந்தக்காரர் ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அதற்குக் கோபம்கூட வரவில்லை.

போலீஸ் விட்டதும் அந்த வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். பம்பர் நசுங்கி, ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. மற்ற மெக்கானிக்குகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மேனேஜர் வந்தார்.

"மேஸ்திரி, இத வெளிய குடுத்துடலாம்."

"எதுக்கு சார்? முன்பக்கம்தான போயிருக்கு. பார்ட்ஸ் எல்லாம் நம்மகிட்டயே இருக்கு."

"அதுக்கில்ல, நீங்க போய் இத..."

"நானே பாக்குறேன்."

முதலில் பிரேக்கைத்தான் கழற்றினார். போன மாதம் அவரே மாட்டியது. குறை எதுவும் இல்லை. அதைப் பார்த்தால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து ரேடியேட்டரை மாற்றினார்.

எஞ்சினைப் போட்டுப் பார்க்க உள்ளே ஏறி உட்கார்ந்தால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னால் இழுக்கும்போது அடியில் ஒரு சீப்பு கிடந்தது. நெட்டைக்கு முன்மண்டை முழுக்க வழுக்கை. இருக்கிற நாலு முடிக்கு எதுக்குடா சீப்பு என்று இவரே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறார். சீப்பைக் கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போய் அதைக் கொடுத்தார். தம்பி மனைவி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வண்டி சரியாயிடுச்சா மாமா?"

"ஆயிடுச்சும்மா."

"யாரு ஓட்டப் போறாங்க?"

"புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கு. நாளைக்கு எடுத்துட்டுப் போகும்."

"ரொம்ப வேகமா போகாம இருக்கச் சொல்லுங்க" என்றவள் உடைந்துபோய் அழ ஆரம்பித்தாள். அவள் அழுது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

மறுநாள் அந்தப் பெண் வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். மேஸ்திரி அடுத்த வண்டியின் பானெட்டைத் திறந்தார். இப்போதும் அந்த வண்டி மற்றவை போலத்தான் சர்வீசுக்கு வருகிறது. ஆயில் மாற்றி அனுப்புகிறார்.

"அழுக வரும், என்னைக்காவது ஒருநாள் வரும்" என்கிறாள் அவர் மனைவி.

அவர் சரி என்கிறார்.